தெற்கு எல்லை

வீடு பார்க்கப் போன முதல் நாள்
அர்த்தநாரி தெற்கு ஜன்னலைத் திறக்கவில்லை.
"வெயில் மேடம்" என்றார்.
கார்த்திகை மாதம், வானம் மூடிக்கிடந்தது.

சுவிட்ச் போர்டுகள் எல்லாம்
என் தோளுக்கு மேலே.
ஏன் இவ்வளவு உயரம்?
"கொழந்தைங்க கை வெக்காம இருக்கத்தான்."
எனக்குக் குழந்தைகள் இல்லை என்று
போனிலேயே சொல்லியிருந்தேன்.

ஜங்ஷன் பார்சல் ஆபீசில்
பதினாறு வருஷமாக
அடுத்தவர் வீடுகளை எடை போடுகிறேன்.
பீரோ, கிரைண்டர்,
கால் கழற்றிக் கட்டிய கட்டில்,
சாக்கில் தைத்த சைக்கிள்.
கௌஹாத்திக்குப் போன ஒரு குடித்தனம்
நானூற்றுப் பத்து கிலோ இருந்தது.
என்னுடையது எவ்வளவென்று பார்த்ததில்லை.
ரெட்டியூர், பள்ளப்பட்டி, மறுபடி ரெட்டியூர்,
டாடா ஏஸில் ஒரே நடை,
எப்போதும் கொஞ்சம் இடம் மிச்சம்.

அழகாபுரத்தில் வெறும் மண்ணுக்குச் சொன்ன விலையில்
இங்கே இரண்டரை சென்ட், மேலே கட்டிடம்,
கொய்யா மரம் ஒன்று.
முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.
ஏதுமில்லை என்று சீல் குத்திக் கொடுத்தார்கள்.

இரண்டாம் முறை அர்த்தநாரிக்குச் சொல்லாமல் போனேன்.
செங்கோடனின் மனைவி அலமேலு
காபி வைத்துவிட்டு
தானே ஜன்னலைத் திறந்தார்.
நுரை.
கறுப்பாக, அசையாத மாதிரி ஒரு அசைவு.
சாயம், சோப்பு, செத்த எலி,
எல்லாம் சேர்ந்து உள்ளே வந்து
எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தது.
"இதுதாங்க ஆறு" என்றார்,
மூத்த மருமகளைக் காட்டுவது போல.

பிறகு எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்தார்,
சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் கீழே.
"இது வரைக்கும் வந்துச்சு.
ரெண்டு நாள் இருந்துட்டு
சொல்லிக்காம போயிருச்சு."
உள்ளறையில் செங்கோடன் இருமினார்.
அது இருமல் இல்லை.
"வாங்கறவங்க தெரிஞ்சு வாங்கட்டும்" என்றார் அலமேலு,
அவருக்கும் சுவருக்கும் பொதுவாக.

அந்த உள்ளங்கைக்கு
ஒரு லட்சத்து இருபதாயிரம் குறைத்துக் கேட்டேன்.
கொடுத்தார்கள்.
ஓசூரில் மகன் வீட்டில்
அவருக்கு எந்த ஜன்னல் கிடைத்ததோ.

வங்கியில் வயதைக் கேட்டார்கள்.
நாற்பத்து நான்கு.
கூடக் கையெழுத்துப் போட யாருமில்லையா?
ரயில்வே இருக்கிறது சார் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டார்.

பத்திர ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே
எழுத்தர் வாசித்தார்:
வடக்கே எட்டடிப் பொதுப்பாதை,
கிழக்கே மாரப்பன் வீடு,
மேற்கே காலி மனை,
தெற்கே திருமணிமுத்தாறு,
இந்த நான்கு மாலுக்கு உட்பட்ட...

நிறுத்தச் சொன்னேன்.
தப்பா மேடம்?
தப்பில்லை.
அந்தப் பாலத்தை எத்தனை ஆயிரம் தடவை
கைக்குட்டையோடு கடந்திருக்கிறேன்.
கண்டக்டர் ஆனைமேடு என்பார்.
மற்றவர்கள் சாக்கடை என்பார்கள்.
முழுப்பேரையும் ஒரு வாய் சொல்லி
அன்றுதான் கேட்டேன்,
அதுவும் காலி மனையைச் சொன்ன அதே குரலில்.

சித்திரைக் கடைசியில் குடிவந்தேன்.
மூன்றாம் நாள் மாலை
மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது
வடக்கே சேர்வராயன் மலை இல்லை.
மேகம் இருந்த இடத்தில் மின்னல் மட்டும்
கொண்டை ஊசி வளைவுகளைத் தேடிக்கொண்டிருந்தது.
இங்கே ஒரு சொட்டு இல்லை.

மேலே பெய்தால் இங்கே எப்போது வரும்?
மாரப்பன் பல் துலக்கும் குச்சியைத் துப்பிவிட்டுச் சொன்னார்:
"பாலத்துக்கடியில ஒரு செவலை நாய் படுக்கும்.
அது ரோட்டுக்கு ஏறினா, நீங்க பரண்ல ஏத்துங்க."

பத்திரத்தையும் அரிசியையும்
அன்றைக்கே பரணில் வைத்தேன்.
கொய்யாவுக்கு ஒன்றும் செய்ய முடியாது.

பதினோரு மணிக்கு ஜன்னலைத் திறந்தேன்.
மூக்கு இன்னும் பழகவில்லை.
டார்ச் அடித்தேன்.
நாய் தலையைத் தூக்கி
என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு
மறுபடி சுருண்டுகொண்டது.

சரி என்று
கையை உயர்த்தி
விளக்கை அணைத்தேன்.