வேலி

வால்டிவியாவில் ஜூலை வந்தால்
மழைக்கு வேறு ஜோலி கிடையாது.
குடிநீர் நிலையத்தின் வண்டி நிறுத்தத்தில்
எடெல்மிரா பாய்யக்கார் அதைக் கண்டெடுத்தாள்:
ஒரு பென் டிரைவ்,
ஒட்டிய தாளில் மை கசிந்த கையெழுத்து,
"ரொசாரியோவின் ஞானஸ்நானம்."

துடைத்தாள். இரவுப்பணி அறையில்
ஹீட்டர் மேல், ஈரக் காலுறைகளுக்குப் பக்கத்தில்
காய வைத்தாள்.
இரண்டு மணிக்குச் செருகினாள்.
ஒரு முகம் தெரிந்தால் போதும்,
இந்த ஊரில் யாருக்காவது யாரையாவது தெரியும்.

படம் ஏதும் இல்லை.
உள்ளே போனது தன்னை
விசைப்பலகை என்று சொல்லிக்கொண்டது.
எல்லோரிடமும் யார் நீ என்று கேட்கும் கணினி
விசைப்பலகையிடம் மட்டும் கேட்பதில்லை.
அது வீட்டு ஆள்.
திரையில் எழுத்துகள் தாமாக ஓடின.
அவள் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினாளாம்,
நான் தொடவில்லை, நான் தொடவில்லை என்று,
அறையில் யாருமே இல்லாதபோது.

குளோரின் பம்பு வரை அது போய்ச் சேரவில்லை.
கைச்சக்கரம் திருகினால்தான் அசையும் கிழட்டு இரும்பு;
மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதியவன் நான்.

அறிக்கையையும் நான்தான் எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்:
அலட்சியம், ஆர்வம், கெட்ட நோக்கம்.
வேலியில் போன ஓணானை
மடியில் எடுத்து விட்டுக்கொண்டாள்,
இதற்கு எதற்கு யோசனை என்றார் மேலாளர்.
ஆர்வத்தில் குறியிட்டேன்.
பேருந்து நிலையத்தில் எவரோ விட்டுப்போன கேபிளில்
என் போனைச் செருகிவிட்டு
நான் மூன்று மணி நேரம் தூங்கியதை
எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

விசாரணையில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
"அப்படியென்றால் ரொசாரியோ என்று
குழந்தையே கிடையாதா?"
மேலாளர் கோப்பைப் புரட்டினார்.
நான் பேனாவை மூடித் திறந்தேன்.

எல்லாக் கணினிகளின் துளைகளிலும்
இப்போது பசை ஊற்றியாகிவிட்டது.
நானே ஊற்றினேன், ஒரு சனிக்கிழமை முழுக்க.
விரல் நுனியில் இன்னும் உரிகிறது.

இன்று காலை, நிலையத்துக் கம்பிவேலியில்
ஒரு சின்ன மஞ்சள் கையுறை
மாட்டியிருந்தது, ஐந்து விரலிலும் மழை சொட்ட.
சேற்றில் கிடந்திருக்க வேண்டும்.
அலசியிருக்கிறார்கள்;
பள்ளிக்குப் போகிற குழந்தையின் கண்ணுக்கு எட்டும்படி
தாழ்வான கம்பியாகப் பார்த்து
மாட்டியிருக்கிறார்கள்.

இரவுப்பணி முடிந்து
அவள் போய்ப் பத்து நிமிடம் இருக்கும்.