இன்னும் இருக்கிறீர்களா

மூன்று மாதத்துக்கொரு அஞ்சலட்டை வரும்:
"இன்னும் இருக்கிறீர்களா?"
தொண்ணூற்று மூன்றில் என் ஆயுள் காப்பீட்டைப்
பாதி விலைக்கு வாங்கியவர்கள்.

ஆறு மாதம் என்றிருந்தார் டாக்டர்.
அந்தப் பணத்தில் டெல்மரும் நானும்
மான்டெரேயில் கடல் தெரியும் அறையெடுத்து
வயிறு முட்ட நண்டு தின்றோம்.
அவன் சொன்ன நாளுக்குப் போனான்.

எனக்கு அறுபத்தெட்டு.
வைரஸ் அடங்கிவிட்டது,
இடுப்பெலும்பு அடங்கவில்லை.
ஓய்வூதியமா?
சாகப்போகிறவன் யாருக்குச் சேர்ப்பான்?

சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்தில்
ஆளுக்கு இரண்டு நிமிடம்.
வாடகை என்றேன்.
எங்கள் எலும்பையும் மறதியையும் அறிந்த மருத்துவர் என்றேன்.
கைகுலுக்கக் கையுறை மாட்டாத
முதியோர் இல்லம் ஒன்று,
ஒன்றே ஒன்று, என்றேன்.

மணி அடித்தது.
உட்காரவில்லை.

கெடு தாண்டி நிற்பது
எனக்குப் பழக்கம்தான், ஐயா.