பக்கம் பதினான்கு, வரி ஒன்பது

மேல்முறையீட்டில் அவர் வாய் திறக்க முடியாது.
மூன்று உறுப்பினர்கள், அவருக்காக ஒரு வழக்கறிஞர்,
மற்றதெல்லாம் காகிதம்.
முதல் விசாரணையில் அவர் சொன்னது
என் விரல் வழியாகத்தான் அங்கே போய்ச் சேரும்.
இது அவருக்குத் தெரியாது.
எனக்கு நிமிடத்துக்கு ஒரு டாலர் பத்து சதம்.

சார்லட்டவுன், பிப்ரவரி.
துறைமுகம் இறுகிக் கிடக்கிறது.
சாப்பாட்டு மேசைமேல் கணினி,
கீழே கால்விசை:
மிதித்தால் ஓடும், எடுத்தால் நிற்கும்,
குதிகாலால் அழுத்தினால் பின்னே போகும்.
தையல் மெஷின் மாதிரி என்கிறான் மகன்.
அவன் தையல் மெஷினைப் பார்த்ததே இல்லை.

லோர்ன் டூசெட். ஊர் ஒலியரி.
பீரங்கிப் படையில் பதினோரு வருடம்,
பிறகு இருபத்தாறு வருடம் உருளைக்கிழங்கு.
கேட்டது: காதுக்குள் ஓயாத ரீங்காரத்துக்கு ஈடு.
கிடைத்தது: ஐந்தில் மூன்று.
மிச்சம் இரண்டு பங்கு டிராக்டருடையதாம்.

அரையே இருமா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
நெல்லுக்குச் சரி, நிலத்துக்குச் சரி.
ராத்திரி இரண்டு மணிக்குக் காதில் கூவுவதை
எந்த மரக்காலில் அளந்து
இது அரசுக்கு, இது டிராக்டருக்கு என்று கொட்டுவது?
செவிடன் காதில் ஊதிய சங்கு என்போம்.
ஊதியவன் போன பிறகும்
சங்கு உள்ளேயே ஊதிக்கொண்டிருந்தால்
அதற்கு நம்மிடம் பழமொழி இல்லை.

கேள்வி: காதடைப்பான் கொடுத்தார்களா?
பதில்: கொடுத்தார்கள்.
கேள்வி: போட்டுக்கொண்டீர்களா?
பதில்: என்ன கேட்டீர்கள்?
கேள்வி: போட்டுக்கொண்டீர்களா?
அப்புறம் பதினொரு நொடி.
ஹீட்டர் உறுமுகிறது. யாரோ தாள் புரட்டுகிறார்கள்.
அதற்கும் அடியில் அவர் குரல்,
மேசையைப் பார்த்துப் பேசுகிறவரின் குரல்.

விதி எளிது. இரண்டு முறை கேள்.
பிடிபடாவிட்டால் அடைப்புக்குறிக்குள்
‘கேட்கவில்லை’ என்று போட்டுவிட்டு மேலே போ.
போட்டேன். போனேன்.
எழுந்து சோறு வடிக்கும்போதுதான்
கை நின்றது:
காது கேட்காதவர் வழக்கில்
கேட்கவில்லை என்று எழுதியவள் நான்.

குதிகால். குதிகால். கீழ்ச்சத்தத்தைக் குறைத்துவிட்டு
மறுபடியும் குதிகால்.
ஒன்பதாம் தடவை, கரடுமுரடாக:
“வலதில் போட்டேன். இடதைத் திறந்தே வைத்திருந்தேன்.
சார்ஜென்ட் சொல்வது காதில் விழணுமே.”

சட்டம் கல்நெஞ்சு இல்லை, படித்திருக்கிறேன்.
சந்தேகம் வந்தால் அதன் பலன் படைவீரருக்கே.
ஆனால் சந்தேகம் வருவதற்கும்
ஒரு வாக்கியமாவது வேண்டும்.
அடைப்புக்குறிக்குள் கிடப்பதை
யாரும் சந்தேகப்படக்கூட மாட்டார்கள்.

ஜூலையில் தீர்ப்பு.
பெயர்களைத் துடைத்துவிட்டுத்தான் வெளியிடுவார்கள்.
‘மேல்முறையீட்டாளர்’ என்று மட்டும் இருந்தது,
ஒரு ஊரும் இல்லை, கிழங்கும் இல்லை.
இடது காது என்ற இடத்தில் அடையாளம் கண்டேன்.
அடிக்குறிப்பில்: பக்கம் 14, வரி 9.
எதிர்ச்சாட்சியம் இல்லாததால் ஏற்கிறோம்.
ஐந்தில் நான்கு.

ஒரு பங்கை டிராக்டர் இன்னும் விடவில்லை.
காரணம் இரண்டு பத்தி எழுதியிருந்தார்கள், கவனமாகவே.
குறை சொல்லத் தெரியவில்லை.
ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.
அன்றிரவு பிரிட்ஜின் முனகல் சட்டென்று நின்றது.
அது அதுவரை ஓடிக்கொண்டிருந்ததே
நின்றபோதுதான் தெரிந்தது.
அவருக்கு அப்படி ஒரு நொடி,
நான்கில் இல்லை, ஐந்திலும் இல்லை.

அடுத்த கோப்பு வந்திருக்கிறது.
முழங்கால், இரண்டும்.
ஐம்பத்து மூன்று நிமிடம்.
செருப்பைக் கழற்றிவிட்டு
விசைமேல் காலை வைக்கிறேன்.