ஆறு மணி வெடிப்பு

ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார் மருத்துவர்,
முழங்கால்களை மார்போடு சேர்த்து.
சுவரில் கலைமான் படம் போட்ட நாட்காட்டி, டிசம்பர்.
"வெடிப்புதான். ஆறு மணியில் இருக்கிறது."
காலையா மாலையா என்று கேட்க வாயெடுத்தேன்.
கிருனாவில் இந்த மாதம்
இரண்டும் ஒரே இருட்டு.

மூன்று வாரமாய் முதுகுவலி என்று சொல்லித் திரிந்தேன்.
ஏழாவது மாடிக் கட்டுப்பாட்டு அறையில்
நின்றபடியே பொத்தான்களை அழுத்தினேன்,
பாதாளத்தில் ஆளில்லா வண்டி இரும்புக்கல் அள்ளியது.
சாப்பாட்டு அறையிலும் நின்றே சூப்.
"உட்காரேன், தைமி."
முதுகு, முதுகு.

உண்மை இது:
கழிவறையில் ஒரு நிமிடம் கண்ணாடித் துண்டு,
காகிதத்தில் சிவப்பாய் ஒரு கோடு,
பிறகு மூன்று மணி நேரம்
உள்ளே யாரோ முஷ்டியை இறுக்கிக்கொண்டே போவது.
பயந்து சாப்பாட்டைக் குறைத்தேன்.
குறைக்கக் குறைக்கக் கல்லானது.
கல் கிழித்தது.
கல்லோடு பிழைப்பவளுக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை.

களிம்போடு வந்த சீட்டைப் படித்தேன்:
நைட்ரோகிளிசரின்.
சிரித்துவிட்டேன். சிரித்ததும் வலித்தது.
மலையைப் பிளக்க அப்பா பெட்டி பெட்டியாய்ச் சுமந்த சாமான்
பட்டாணி அளவில் என் விரல் நுனியில்,
ஒரு தசையிடம் கெஞ்சுவதற்கு:
விடு, கொஞ்சம் விடு.

அரை மணியில் மண்டை இடிக்கத் தொடங்கியது.
அப்பாவுக்குத் திங்கட்கிழமைகளில் இப்படித்தான்.
விடுமுறை முடிந்து டைனமைட்டைத் தொட்ட அன்று
நெற்றியில் ஈரத்துணி, பேச்சில்லை.
ஞாயிறு குடித்தது என்று நினைத்திருந்தேன்.
முப்பது வருடம் அப்படியே நினைத்திருந்தேன்.

இரவில், பெர்ரி கழுவும் அகலத் தொட்டியில்
வெந்நீர் ஊற்றி உட்கார்கிறேன்,
முட்டியிரண்டும் தாடைக்கு வர.
கதவுக்கு வெளியே ஓர்யன் கேட்கிறான்,
"ஆறிவிட்டதா?"
ஆறியது தண்ணீர் மட்டும்தான்.
கெட்டிலோடு வருகிறான்,
கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு ஊற்றுகிறான்.
பதினெட்டு வருடக் குடித்தனத்தில்
இதைவிட நெருங்கி நாங்கள் இருந்ததில்லை.

ஒன்றரைக்கு அடியில் வெடி வைக்கிறார்கள்.
தொட்டி நீரில் வளையங்கள்.
ஊர் முழுக்கத் தூக்கத்தில் ஒருமுறை புரண்டு படுக்கிறது.
அந்த நொடியில் இறுக்காமல் இருக்கப்
பழகிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று என் அலமாரியில் ஒரு காகிதப் பை.
உள்ளே ஆளி விதை,
மேலே ஹில்டிங்கின் கோணல் எழுத்து:
"முதுகுக்கு. இரவே ஊறவை. தண்ணீர் நிறையக் குடி.
என் முதுகு ஆற எட்டு மாதம் ஆயிற்று."

இன்று காகிதம் வெள்ளை.
நாளை எப்படியோ.
மதியம் சூப்பை உட்கார்ந்து குடித்தேன்,
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து.
எதிரே ஹில்டிங் உப்பை நகர்த்தி வைத்தான்,
ஒன்றும் கேட்கவில்லை.