ஈரத்துக்கு இரண்டு கிலோ

காசல்ரீயில் விடியும்போது காற்றே கிடையாது.
பனி தண்ணீர்மேல் நாய்போலப் படுத்திருக்கும்,
எழுப்பினால்தான் நகரும்.
அந்த நேரத்துக்கு நீளமான பலகை வேண்டும்,
துடுப்பை ஒருமுறை போட்டால்
பத்து முழம் நேராகப் போகிற பலகை.

பத்தரைக்கு மேல்
நோர்ட்டன் பக்கமிருந்து கச்சான் ஏறிவரும்.
சவுக்கு மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்.
அந்த நேரத்துக்குக் குட்டையானது வேண்டும்.
கையில் விங், காலடியில் ஃபொயில்,
தண்ணீரை விட்டு ஒரு முழம் மேலே.

இரண்டுக்கும் ஒன்று.
ஏனென்றால் சீட்டெடுத்த காசு ஒன்றுக்குத்தான்.

விங்கும் ஃபொயிலும் முன்பே கிடைத்துவிட்டன.
பங்களாவில் தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர்
குணாளனிடம் விட்டுப்போனவை.
அவருடைய பலகையின் அடி
பழைய ரோட்டுக் கல்லில் ஃபொயில் தட்டிப் பிய்ந்துபோனது.
(மாசியில் தண்ணீர் இறங்கினால் அந்த ரோடு மேலே வரும்.
எங்களைக் கேட்டிருக்கலாம்.)

கணக்கு இதுதான்:
உடம்பு எத்தனை கிலோவோ, அதோடு நாற்பது கூட்டினால் லீட்டர்.
அதனால் கொழுந்து நிறுத்து முடிந்த ஒரு பின்னேரம்
மடுவத்துக்குப் போய்த்
தராசுக் கொக்கியைப் பிடித்துத் தொங்கினான் குணாளன்.
முள் எண்பத்தாறில் நின்றது.
கணக்கப்பிள்ளை எண்பத்துநாலு என்றார்.

வாய் பழகிவிட்டது. ஈரத்துக்கு இரண்டு கிலோ.
நான் கொழுந்தெடுத்த ஆறு வருடமும்
என் கூடையில் கழித்த அதே இரண்டு,
காய்ந்த வெயிலிலும்.

"இதற்குக் கழிக்கக்கூடாது ஐயா," என்றேன்,
"கூட்ட வேண்டும்.
நனைந்த உடுப்பு, மிதவைச் சட்டை, விங், ஃபொயில்.
ஈரத்துக்கு எட்டுக் கிலோ கூட."
அவர் பேனாவை மூடினார்.
பிறகு நான் தொங்கினேன். ஐம்பத்தொன்று.
யாரும் ஒன்றும் கழிக்கவில்லை.

அவன் எடைக்கு வாங்கினால்
நான் கதவின்மேல் ஏறிய எறும்பு.
என் எடைக்கு வாங்கினால்
அவன் முழங்கால்வரை டேமுக்குள்.
எட்டு நாள் சண்டை.

கல்பிட்டியில் ஒன்று, ஐந்தடி பத்தங்குலம்.
ஃபொயிலுக்குத் தங்கம்;
துடுப்புப் போட்டால் தட்டாமாலை சுற்றும்.
கொழும்பில் ஒன்று, காற்றடிக்கிற வகை.
சுருட்டி ஹட்டன் பஸ்ஸில் மடியில் வைக்கலாம்,
ஃபொயிலைப் பூட்டினால்
வெந்த மரவள்ளிபோலக் குழையும்.
மூன்றாவது நீர்கொழும்பில்:
ஏழடி நாலங்குலம், நூற்று இருபத்தைந்து லீட்டர்,
ஆள் மெலிவு.
நேராகப் போக நடுவயிற்றில் ஒரு செதில்,
ஃபொயில் பூட்டப் பின்னால் இரண்டு பள்ளம்,
மூக்கில் பொட்டளவு ஒட்டு.
நீளம் என்பதால் சின்னக் காற்றிலேயே வேகம் பிடித்து எழும்புமாம்.
அகலம் இல்லாததால், எழும்பும்வரை
வரம்பில் ஒற்றைக்காலில் நிற்கிற கதைதான்.

காலைப் பலகைதான் சம்பாதிக்கும் என்றேன்,
ஆளுக்கு மணிக்கு ஆயிரத்தைந்நூறு ரூபா.
பகல் பலகை வெறும் செலவு என்று அவனே ஒப்புக்கொண்டான்.
ஒப்புக்கொண்டுவிட்டு,
காற்றில்லாத காம்பராவுக்குள்
விங்கை ஊதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

லீக்ஸ் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய லொறியில்
மூன்றாவது வந்து சேர்ந்தது.
இன்னும் லீக்ஸ் மணக்கிறது.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா:
நிறுத்தினால் தகரத்தில் இடிக்கும்,
படுக்கவைத்தால் நாங்கள் நிற்க வேண்டும்.

முதல் நாள் குணாளன் ஏறி நின்றான்.
கணுக்கால்வரை தண்ணீர்.
எட்டுப் போதாது, பத்துக் கூட்டியிருக்க வேண்டும்.
நான் ஏறினேன். நான்கு நொடி,
அவன் ஐந்து என்கிறான்,
சத்தம் எல்லாம் கீழே நின்றுவிட்டது.
அப்புறம் விழுந்தேன்.

இப்போது காலை ஆறரை.
முன்னால் ஒரு விருந்தாளியை இருத்திக்கொண்டு
பனிக்குள் துடுப்புப் போடுகிறேன்.
ஃபொயில் இல்லாத அந்த இரண்டு பள்ளமும்
அடியில் களக் களக் என்று
ஏதோ கேட்டுக்கொண்டே வருகின்றன.
பொறு என்கிறேன்.
பத்தரை ஆகட்டும்.