ஒன்று தசம் பூச்சியம் இரண்டு ஐந்து

இரண்டு மாத மேலதிகநேரக் காசும்
கொப்பியில் கிழித்த ஒரு தாளுமாகப் போனேன்.
கஸ்தூரியார் வீதியில்
பற்றறிக் கடைக்கும் நகைக் கடைக்கும் நடுவே
நெருக்குப்பட்டு நிற்கிற கடை.
"கப்பியோ அக்கா, தங்கமீனோ?"
கடல், என்றேன்.
றெஜினோல்ட் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தான்.

முப்பது லீற்றர்த் தொட்டி வடிவாய்த்தான் இருந்தது,
மேசையிலேயே வைக்கலாம்.
"சின்னத் தொட்டி சின்னப் பிழையையும் பொறுக்காது.
நூற்றியெண்பது எடுங்கோ.
நிலம் தாங்குமோ?"
கணக்குப் பார்த்தோம்.
நாலு தடித்த மனிதர் முன்னறை மூலையில்
இரவு பகலாய் அசையாமல் நிற்கிற பாரம்.
வாடகை வீடு. வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை.

ஹீற்றர்ப் பெட்டியில் கம்பளிச் சட்டையோடு ஒருவன் சிரித்தான்.
சித்திரை வெயிலில்
கடலுக்கு ஆர் அடுப்பு மூட்டுவது?
அதைத் திருப்பி இறாக்கையில் வைத்துவிட்டு
இரண்டு கணினி விசிறி எடுத்துத் தந்தான்.
"தண்ணிக்கு மேலால ஊதட்டும்.
குறையிற அளவுக்கு நல்ல தண்ணி விடுங்கோ,
உப்புத் தண்ணி விடாதேங்கோ.
தண்ணிதான் போகும், உப்புப் போகாது."
தாளில் நான் எழுதியது அந்த ஒரு வரிதான்.

ஸ்கிம்மரை விளக்கத் தொடங்கினான். நிறுத்தினேன்.
புரதம் இருந்தால் நுரைக்கும், தம்பி.
பெரியாஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
பத்தொன்பது வருசமாய்
ஊராரின் போத்தல்களைக் குலுக்கிப் பார்க்கிறவள் நான்.

உப்புப் பார்க்கிற கண்ணாடியும் அப்படித்தான்.
ஒரு துளி விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து,
நீலம் முடிகிற கோட்டை வாசிப்பது.
வேலையில் ஒன்று இருக்கிறது.
ஆனாலும் புதிது வாங்கினேன்.
அது பார்த்த துளிகள் எனக்குத் தெரியும்.

கிணற்றுத் தண்ணீர் கூடாது:
தோட்டத்து யூரியா முழுக்க அதற்குள்.
வடித்த தண்ணீர்க் கான் ஆறு.
அலை தள்ள ஒரு பம்ப்.
கரண்ட் போனால் தானாய் எழும்புகிற
பற்றறிக் காற்றுப் பம்ப் ஒன்று,
அதற்கு விலை பேசவில்லை.
நீல விளக்கின் விலையைக் கேட்டுவிட்டு
கொஞ்ச நேரம் கப்பிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
"பவளம் வைக்கேக்க வாங்கலாம்," என்றான், நல்ல பிள்ளை.

கல்லுக்குத்தான் காசு காணாமற் போனது.
கடலில் உடைத்த பாறை அவன் விற்பதில்லை, அது குற்றம்.
இறக்குமதிக் காய்ந்த கல் கிலோ மூவாயிரம்.
இருபது கிலோ வேண்டும்.
வெறுங்கையோடு கொக்குவிலுக்குத் திரும்பினால்
பக்கத்து வளவில் புதுக் கிணறு வெட்டுகிறார்கள்.
ஒழுங்கை ஓரம் குவியல் குவியலாய்
ஓட்டை விழுந்த வெள்ளைக் கல்.
ஒன்றைப் புரட்டினேன்.
உள்ளே ஒரு சிப்பியின் வரி,
விரல்நகம் அளவு.

வினாகிரி விட்டேன். பொங்கியது.
மேசன் குலவீரசிங்கம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.
"உதை என்ன செய்யப்போறியள், பிள்ளை?"
கடலுக்குள்ள போடப்போறன்.
"உது அங்கையிருந்து வந்ததுதானே," என்றுவிட்டு
சாந்து குழைக்கப் போனார்.

தேய்த்து, ஊறவைத்து, காயவைத்து
மூன்று கிழமை.
பிறகு உப்புக் கரைத்து, துளி எடுத்து, கண்ணில் வைத்தேன்.
ஒன்று தசம் பூச்சியம் இரண்டு ஐந்து.
ஆஸ்பத்திரியில் இந்த எண்ணைக் கண்டால்
இந்த ஆள் தண்ணீர் குடிப்பது காணாது என்று நினைப்பேன்.
இங்கே, சரி.

பார்க்க வந்த கௌதமி மீனைத் தேடினாள்.
ஆறு கிழமைக்கு மீன் இல்லை, என்றேன்.
"வெறும் கல்லுக்கோடி கரண்ட் பில் கட்டுறாய்?"

அவள் போனபிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கிட்டப் போனேன்.
கல்லின் ஓட்டைகளால்
காற்று வெளியேறிக்கொண்டிருந்தது,
ஒரு குமிழி, பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை,
பிறகு வேறோர் ஓட்டையால் இன்னொன்று.
நாளை காலை ஏழரைக்கு டியூட்டி.
கதிரையை இழுத்துப் போட்டேன்.