நிறுவனத்துக்கு ஒன்று

டெல்லியிலிருந்து வந்த சுற்றறிக்கை
பதினான்கு பக்கம்.
பதினோராம் பக்கத்தின் அடியில்
எறும்பு எழுத்தில் ஒரு வரி:
ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு விண்ணப்பம் மட்டுமே.

எங்கள் கல்லூரியில்
ஏழு பேர் எழுதி முடித்திருந்தோம்.

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில்
பஸ் பாதி நின்று பாதி நகரும் நிறுத்தம் எங்களுடையது.
ஆய்வகக் குழாயில் தண்ணீர்
செவ்வாயும் வெள்ளியும்தான்.
நான் எழுதியது தண்ணீரைப் பற்றி.
நாற்பத்தொரு ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகள்,
ஃப்ளோரைடு,
பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவில்
வாயை மூடியே சிரிக்கும் பிள்ளைகள்,
நாற்பது வயதில் குனிய மறுக்கும் முதுகு.

திம்மராயன் கிரானைட் தூளைப் பற்றி.
தாவரவியல் ஷம்ஷாத் சாமையின் வேரைப் பற்றி.
பாலக்கோட்டுச் சாலையோரம்
கூடை கூடையாய்க் கொட்டிப்போகும் தக்காளியை
ஒரு சமன்பாட்டுக்குள் அடைத்திருந்தார்
புள்ளியியல் முனிரத்தினம்.
மற்ற மூன்றையும் நான் படிக்கவில்லை,
படித்தால் பிடித்துவிடுமோ என்று.

சனிக்கிழமை உள்தேர்வு.
பேச்சுக்குப் பத்து நிமிடம், கேள்விக்கு ஐந்து.
சேலத்திலிருந்து வந்த நடுவர்
முறுக்கைச் சத்தம் வராமல் கடிக்கப் பார்த்தபடி கேட்டார்:
“இதுல புதுசு என்ன மேடம்?
ஃப்ளோரைடு எங்கப்பா காலத்துலயே இருந்துச்சே.”
இப்பவும் இருக்கு சார், என்றேன்.
பக்கத்திலிருந்தவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

திம்மராயனுக்கு எழுபத்திரண்டு.
எனக்கு எழுபத்தொன்றரை.
அரை என்றால் எவ்வளவு என்று
வேதியியல்காரிக்கா சொல்லித்தர வேண்டும்?
லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் வரை
குடிக்கலாம் என்கிறது விதி.
இன்னொரு அரை சேர்ந்தால்
பல்லில் கோடு விழத் தொடங்கும்.

முதல்வர் கூப்பிட்டுச் சொன்னார்:
“எல்லாமே நல்லாத்தான் இருக்கு.
ஒண்ணுதானே அனுப்ப முடியும்?”
அவர் குரலில் பொய் இல்லை.
இருந்திருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம்.

கேன்டீனில் திம்மராயன்
டீக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை.
“நானூறு காலேஜு மேடம்.
ஒவ்வொண்ணுலயும் ஒரு திம்மராயன் ஜெயிச்சிருப்பான்.
எடுக்கப்போறது ஒன்பதே ஒன்பது.”
எனக்கு ஆறுதல் சொல்கிறாரா,
தனக்கே பயம் காட்டிக்கொள்கிறாரா?
இரண்டாவது வடையை நாங்கள் இருவருமே தொடவில்லை.

ஆய்வகத்தைத் திறந்தேன்.
ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் பன்னிரண்டு குப்பிகள்,
கீழ்த்தட்டில் இருபத்தொன்பது.
பட்ஜெட் பன்னிரண்டு ஊர்களுக்குத்தான் தாங்கியது.
அந்தப் பன்னிரண்டை யார் எடுத்தது?
சாலை வசதி.
மூன்று மில்லிகிராம் தாண்டிய அளவு.
வரைபடத்தில் புள்ளிகள் பரவலாகத் தெரிய வேண்டும்.
நானும் ஒரு மதிப்பெண் தாள் போட்டிருந்தேன்,
போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை,
முறுக்கு இல்லாமல்.

ஏரியூர்ப் பக்கத்துக் கெம்பம்மா,
குப்பியை நான் சொன்னபடியே
மூன்று முறை கழுவி நிரப்பிக் கொடுத்தவள்,
அதற்குப் பிறகு இரண்டு முறை போன் செய்துவிட்டாள்.
“எங்க போரு எடுபட்டுச்சா மேடம்?”
எல்லா ஊரும் முக்கியம்தாம்மா என்றேன் முதல் தடவை.
இரண்டாம் தடவை, ஒரு அளவுக்குமேல எடுக்க முடியாதும்மா என்று
ஆரம்பித்து
பஸ் சத்தத்தைச் சாக்கு வைத்தேன்.
மூன்றாம் தடவை கூப்பிட்டால்
எடுபடலம்மா என்பேன்.
யாருடையது என்று சொல்ல மாட்டேன்.

கீழ்த்தட்டில் கையை விட்டு அவள் குப்பியைத் தேடினேன்.
மார்க்கர் எழுத்து வியர்த்துக் கரைந்து
‘ஏ’ மட்டும் மிச்சம்.
மீட்டரின் மின்முனை நிதானத்துக்கு வர
பத்து நிமிடம் ஆகும்.
அதுவரை எண்கள் மேலும் கீழும் ஓடும்,
இரண்டைத் தொடும், விலகும்,
மறுபடி தொடப் பார்க்கும்.
நான் குறுக்கே பேசவில்லை.

ஒன்று புள்ளி ஒன்பது.

போன முறையும் அதேதான்.
நோட்டில் தேதி போட்டு எழுதினேன்.
குப்பியை மூடி
மேல்தட்டில் வைத்தேன்,
பதின்மூன்றாவதாக.
இடம் இருந்தது.